அளவீடு எழுபத்தொன்று

2061ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, மாவட்ட இசைவு அலுவலகத்தின் நான்காம் அறையில் பாக்கியலீலாவுக்கு எடுக்கப்பட்ட அளவீடு எழுபத்தொன்று. சட்டம் கேட்பது பத்துக்குக் குறைவு. அறையில் நால்வர் இருந்தோம்: அலுவலர், ஐம்பத்திரண்டு வயதான பாக்கியலீலா, அவளுடைய மகன் ஆசேரின் சாவுக்குக் காரணமான கெர்சோனின் தாய் வயலட், பெனியேல்புரம் கிறிஸ்தவ சபையை நடத்தும் சேகரக் கமிட்டியின் செயலரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியையுமான நான். சபையின் சாட்சியாக நான் போயிருந்தேன்.

ஆசேர் இறந்தது 2059 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. வயது பத்தொன்பது. கோயிலில் பாடகர் குழுவின் ஒத்திகை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பியவனைத் தேரிக்காட்டுச் சாலையில் தண்ணீர் லாரி ஒன்று மோதியது. லாரி தானாகவே ஓடக்கூடியது. அந்த ஏற்பாட்டை அணைத்துவிட்டு, குடித்த நிலையில் தன் கையால் ஓட்டியவன் கெர்சோன். அவனும் ஒரு காலத்தில் அதே குழுவில் பாடியவன்தான். அவன் நிறுத்தவில்லை. ஆசேர் சாலையோரத்தில் இரண்டு மணி நேரம் உயிரோடு கிடந்தான் என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. கெர்சோனுக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

இறந்தவரின் நெருங்கிய உறவினர் தணிப்புச் சிகிச்சை பெற்று, குற்றவாளியை நினைக்கையில் அவருக்குள் எழும் கனல் பத்துக்குக் கீழே இறங்கினால், மீதித் தண்டனை நீக்கப்படும். இது 2054ஆம் ஆண்டின் சட்டம். நாட்டில் இதைப் புகழாதவர் இல்லை.

"நாற்பது நிமிஷம்தாம்மா," என்றார் அலுவலர். முப்பது வயதுக்குள் இருக்கும், பொறுமையானவர். "பையனோட நினைவு எதுவும் போகாது. முகம், குரல், எல்லாம் அப்படியே இருக்கும். அதோட ஒட்டியிருக்கிற சூடு மட்டும் இறங்கிடும். அவ்வளவுதான்."

"சூடு போன பொறவு நான் என்னத்த மன்னிக்கதுக்கு?" என்று கேட்டாள் பாக்கியலீலா.

"சூடு போறதுதானே மன்னிப்பு."

"இல்ல. பசியே இல்லாதவ உபவாசம் இருந்தேன்னு சொல்லப்படாது."

அலுவலர் சிரித்துவிட்டார். பிறகு திரையைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அப்போ, உங்களுக்குத் தணிப்பு வேண்டாம். ஆனா கெர்சோனை விடணும். அதுதானே மனு?"

"ஆமா. நான் மன்னிச்சிட்டேன்னு என் வாயால சொல்லுதேன். எழுதியும் தாரேன். டீச்சர் சாட்சி இருக்காங்க. அத எடுத்துக்கிடுங்க."

"வாய்ச்சொல்லைச் சட்டம் எடுத்துக்காதும்மா. மிரட்டி வாங்கலாம். காசு கொடுத்து வாங்கலாம். கருவியை யாரும் மிரட்ட முடியாதில்லையா? நான் உங்களை நம்புறேன். ஆனா எழுபத்தொன்னுங்கிறது..." அவர் சற்றுத் தயங்கினார். "இன்னொன்னும் இருக்கு. நீங்க கைதியைப் பார்க்கப் பதினாறு தடவை போயிருக்கீங்க. இவ்வளவு கனல் இருக்கிறவங்க அடிக்கடி சிறைக்குப் போறது ஆபத்தான அறிகுறின்னு இதுலே குறிச்சிருக்கு. எதுக்குப் போறீங்க?"

வயலட் திரும்பிப் பாக்கியலீலாவைப் பார்த்தாள். இது வயலட்டுக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.

வயலட்தான் முதலில் எழுந்தாள். அவளும் பாக்கியலீலாவும் இருபது ஆண்டுகளாகக் கோயிலில் ஒரே வரிசையில் அமர்பவர்கள்.

"எக்கா, உன் கால்ல விழுந்துட்டேன். ஊரக் கூட்டி விழுந்துட்டேன். நாப்பது நிமிசம்தான கேக்காங்க? பல்லு புடுங்கப் போனா அதவிட நேரம் ஆவும். நீ அங்கன வேற போயிட்டு வாரியா? எம் மவன் கம்பிக்குள்ள நிக்கத கண்குளிரப் பாக்கவா?"

"அதுக்கில்ல வயலட்."

"பின்ன எதுக்கு? நீ பரிசுத்தமா இருக்கணும். அதுக்கு எம் புள்ள இன்னும் ஒம்பது வருசம் உள்ள கெடக்கணும். அப்படித்தான? ஒன் மவன ஒருத்தன் ரோட்டுல விட்டுட்டுப் போனான். எம் மவன நீ விட்டுட்டுப் போற."

பாக்கியலீலா தன் கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள். அது சாய்ந்தது. மீண்டும் நிமிர்த்தினாள். மனு தள்ளுபடி செய்யப்பட்டது.

அவள் வேலை பார்ப்பது பள்ளிச் சீருடை தைக்கும் ஆலை ஒன்றில். முப்பதுக்கு மேல் அளவீடு உள்ளவரை மற்றவர்களோடு அமர்த்துவதில்லை என்பது அங்கே விதி. துணி வெட்டும் மேசைக்குத் தலைவியாக இருந்தவளைப் பின்கட்டில் தனியாகப் பொத்தான் துளை போட வைத்திருந்தார்கள். தெருவில் யாரும் அவளை ஏசவில்லை. எங்கள் காலத்து மனிதர்கள் ஏசுவதில்லை. இரக்கத்தோடு ஒதுங்குகிறார்கள், தொற்றுநோய்க்காரரிடமிருந்து ஒதுங்குவதுபோல. "கிறிஸ்தவங்கதானே மன்னிப்புன்னு ஊருக்கெல்லாம் பேசினீங்க? இப்ப அதுக்கு வசதி வந்திருக்கு, செஞ்சுக்க மாட்டேங்கறீங்களே" என்று ஆலையின் மேற்பார்வையாளர் உண்மையாகவே புரியாமல் கேட்டாராம்.

ஆலையும் தெருவும் அவளை ஒதுக்கியதை இங்கே எழுதிவிட்டேன். கோயில் ஒதுக்கியதையும் எழுத வேண்டும். அதைச் செய்தவள் நான்.

எங்கள் சபையில், அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு முந்தைய சனிக்கிழமை மாலை பெயர் கொடுக்கும் வழக்கம் உண்டு. திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர் கோயிலின் பக்க அறைக்கு வந்து பெயர் சொல்ல வேண்டும். பதிவேட்டை வைத்திருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: எல்லாரோடும் சமாதானமா? பகை உள்ளவர் போய்த் தீர்த்துவிட்டு வர வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறோம். நூற்றைம்பது ஆண்டுகளாக மக்கள் பொய் சொல்லியிருக்கிறார்கள். வரப்புத் தகராறில் வழக்கு நடத்தும் அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்து வந்து, சமாதானம் என்று சொல்லிவிட்டுப் போவதை நானே பதினெட்டு ஆண்டுகள் எழுதியிருக்கிறேன். ஒழுங்கற்ற எதையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. ஆகவே 2060 ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தேன்: நீதிமன்றம் அறிந்த பகை உள்ளவர்கள் இசைவு அலுவலகத்தின் சான்றைக் காட்ட வேண்டும், அளவீடு பத்துக்குக் கீழே இருந்தால் மட்டுமே பெயர் எழுதப்படும். ஒருவரும் எதிர்க்கவில்லை. மற்றச் சேகரங்கள் எங்களைப் பார்த்து அதையே செய்தன.

அதை முன்மொழியும் தகுதி எனக்கு இருந்தது. என் அளவீடு சுழியம்.

என் மகள் ஐரின் 2053 ஆகஸ்ட் 9 அன்று இறந்தாள். இருபத்தேழு வயது. கடுங்காய்ச்சலில் கிடந்தவளை அவள் கணவன் ராபின்சன் மூன்று நாள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, எனக்கும் சொல்லவில்லை. அவனுக்கு ஆறாண்டு விதிக்கப்பட்டது. 2055இல் நான் தணிப்புப் பெற்றேன். எங்கள் மாவட்டத்தில் தணிப்புப் பெற்ற முதல் பெண் நான். அன்று மாலையே அவன் விடுதலையானான். அவனுடைய இரண்டாம் திருமணத்துக்குப் போய்ப் பந்தியில் பாயசம் பரிமாறினேன். அப்போதைய குருவானவர் என்னைப் பற்றி இரண்டு ஞாயிறு பிரசங்கித்தார்.

ஏப்ரல் 2, சனிக்கிழமை, நான் பாக்கியலீலாவுடன் சிறைக்குப் போனேன். பதினாறு முறை அவள் எதற்குப் போனாள் என்பது தெரியாமல் பதிவேட்டில் எதையும் எழுத எனக்கு மனமில்லை.

"நீங்க எதுக்கு டீச்சர் வெயில்ல?" என்றாள் பேருந்து நிறுத்தத்தில்.

"பார்க்க வேண்டும்," என்றேன். அவள் மறுக்கவில்லை.

சந்திப்பறையில் கண்ணாடித் தடுப்பு. கீழே கை நுழையும் அளவு இடைவெளி. கெர்சோனுக்கு இருபத்து நான்கு வயது. பாதித் தலை நரைத்திருந்தது. அவன் ஏழாம் வகுப்பில் என் மாணவன். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"உக்காருலே," என்றாள் பாக்கியலீலா. பையிலிருந்து பனங்கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்து இடைவெளி வழியே தள்ளினாள். "இருமல் நின்னுச்சா?"

"கொறஞ்சிருக்கு அத்தை."

"கொறஞ்சிருக்குன்னா ராத்திரி இருமுதியா இல்லியா?"

"இருமுதேன்."

"அப்ப நிக்கலன்னு சொல்லு."

இப்படியே கால் மணி நேரம் பேசினார்கள். நான் எதிர்பார்த்து வந்தது இதை அல்ல. எதை எதிர்பார்த்தேன் என்பதும் எனக்குத் தெளிவில்லை. அவள் அவனுடைய முகத்தைப் பார்க்கும்போது மேசைக்கடியில் அவளது இடது கை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. துணி கிழிந்துவிடும் என்று நினைத்தேன்.

மனு தள்ளுபடியானதை அவள் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உங்கிட்ட மறைக்க மாட்டேன். நான் அதச் செஞ்சிருந்தா நீ ஈஸ்டருக்கு வீட்டுல இருந்திருப்ப. கேக்கணும்னா கேளு. ஏசணும்னா ஏசு."

"எனக்கு வெளிய வரணும் அத்தை," என்றான் அவன். "வேண்டாம்னு சொன்னா பொய். தெனமும் அதத்தான் நெனைக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினான். "டீச்சர், இவங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லியிருக்கேன். கோர்ட்டுல சொல்லல. எங்கம்மைக்கும் தெரியாது. மோதிட்டுப் போனேம்லா, கொஞ்ச தூரத்துல வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தேன். லைட்ட அணைச்சிட்டு நின்னேன். அவன் கூப்பிட்டது கேட்டுச்சு. லாரியப் பாத்துட்டான். யாருன்னு தெரியாம, அண்ணே, அண்ணேன்னு கூப்பிட்டான். நான் எறங்கல. திரும்பவும் போயிட்டேன்."

பாக்கியலீலா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிப்ரவரியில, பதினஞ்சாவது தடவ வந்தப்ப சொன்னேன். எந்திரிச்சுப் போயிட்டாங்க. இனி வரமாட்டாங்கன்னு நெனைச்சேன். அடுத்த மாசம் வந்தாங்க. இருமலுக்கு மருந்து குடுக்காங்களான்னு கேட்டாங்க."

"ஏன் சொன்னாய்?" என்று கேட்டேன்.

"கேட்டுட்டு வலிக்கதுக்கு அவங்க ஒருத்தங்கதான இருக்காங்க டீச்சர். வேற யாருகிட்ட சொல்லியும் பிரயோசனமில்ல." அவன் தயங்கினான். "தப்பா எடுத்துக்கிடாதிய. கேஸ் நடந்தப்ப நீங்க கோர்ட்டுக்கு வந்திய. என்னையப் பாத்திய. பஸ் போர்டப் பாக்க மாதிரி பாத்திய. எனக்கு அதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு. அத்தை என்னைய வெறுக்காங்க. ஆனா என்னையத்தான் வெறுக்காங்க."

மணி அடித்தது. காவலர் அவனை அழைத்துப் போனார்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. கோயிலில் நான் பாக்கியலீலாவுக்குப் பின்வரிசையில் அமர்பவள். ஆசேர் இறந்த பிறகு, கர்த்தருடைய ஜெபத்தைச் சபையார் சேர்ந்து சொல்லும்போது, எங்களுக்குக் குற்றம் செய்கிறவர்களை நாங்கள் மன்னிக்கிறதுபோல என்ற அந்த ஒரு வரி வந்ததும் அவள் வாயை மூடிக்கொள்வாள். அது கடந்த பிறகு மீண்டும் சேர்ந்துகொள்வாள். பதினைந்து மாதங்கள் அப்படியே நடந்தது. இது ஒழுங்கீனம் என்று அவளிடம் ஒருமுறை சொல்லவும் செய்தேன். இந்த ஆண்டு பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அவள் அந்த வரியைச் சொன்னாள். குரல் உடைந்து, மற்றவர்களுக்கு இரண்டு சொல் பின்தங்கி, ஆனால் முழுவதும் சொன்னாள். அவன் தன் ரகசியத்தைச் சொன்னதற்கு அடுத்த ஞாயிறு அது. நான் அதை ஒலிபெருக்கியின் கோளாறு என்று நினைத்தேன்.

திரும்பும் பேருந்தில் கூட்டமில்லை. அவள் ஜன்னலோரம் இருந்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியள்லா?"

"என்னால் கோபப்பட முடியாது, பாக்கியலீலா."

"அத வச்சித்தான் சொல்லுதேன்." அவள் மெல்லச் சிரித்தாள். "ஆகஸ்ட் ஒம்பதாந் தேதி ஐரின் கல்லறையில பூ இருக்கும். பாத்திருக்கியளா?"

"நான் போவதில்லை."

"தெரியும். நான் வைக்கேன். அவ எனக்கு ஞாயிறு பள்ளியில பாடஞ் சொல்லுததுக்குத் துணையா இருந்தா. அவ சிரிச்சா மூக்கு சுருங்கும், ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மிகத் துல்லியமாக இருந்தது. சுருங்கும் மூக்கு, இடப்பக்கத்துத் தெற்றுப்பல், வெள்ளைத் தாவணி. அகராதியில் ஒரு சொல்லுக்குப் பொருள் பார்ப்பதுபோல எல்லாம் வரிசையாகக் கிடைத்தன. நான் என் மகளின் முகத்தை மனத்தில் நிறுத்திக் காத்திருந்தேன். இரண்டு நிறுத்தங்கள் கடந்தன. ஒன்றும் வரவில்லை.

"நீங்க அழாததுனால அங்கன நின்னு நான் ஒங்களுக்கும் சேத்து அழுதுட்டு வருவேன்," என்றாள் அவள். "யாராவது ஒருத்தர் அழணும்லா டீச்சர்."

ஏப்ரல் 9, சனிக்கிழமை மாலை, ஈஸ்டர் திருவிருந்துக்குப் பெயர் கொடுக்கும் நேரம். பதிவேடு என் முன்னே. எங்கள் குருவானவர் ஜோயல் ஐயர் அருகில் அமர்ந்திருந்தார். வயலட் வந்தாள், பெயர் கொடுத்தாள், பாக்கியலீலா வரும் திசையைப் பார்க்காமல் போனாள். பிறகு பாக்கியலீலா வந்து நின்றாள். கையில் துவைத்துத் தேய்த்த பீட விரிப்பு இருந்தது. அதை வெளுத்துக் கொடுப்பது அவளுடைய பணி.

சான்றைக் கேட்க வேண்டிய இடத்தில் நான் பழைய கேள்வியைக் கேட்டேன்.

"எல்லாரோடும் சமாதானமா?"

ஜோயல் ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"சமாதானம்னு சொல்ல முடியாது டீச்சர்," என்றாள் அவள். "காலையில எந்திரிச்சதும் அவன மன்னிக்கேன். பத்து மணிக்கெல்லாம் அது தீந்துருது. பொத்தான் தொளை போடையில திரும்ப மன்னிக்கேன். சாயந்திரம் ஆசேர் சைக்கிள் நிக்க எடத்தத் தாண்டிப் போகணும். அங்கன வச்சு இன்னொரு மட்டம். நாளைக்கும் செய்வேன். அம்புட்டுதான் சொல்ல முடியும்."

நான் பேனாவை எடுத்தேன்.

"டீச்சர்," என்றார் ஐயர் தாழ்ந்த குரலில். "எழுதிராதீங்க. மேல பேராயத்துல கேப்பாங்க. ஏற்கெனவே வெளியில நம்மள வன்மம் வளக்கிற கூட்டம்னு சொல்றாங்க. எழுபத்தொண்ணு அளவீட்டோட ஒருத்தர பீடத்துக்கு வரவிட்டோம்னு தெரிஞ்சா... தீர்மானம் நீங்க கொண்டுவந்ததுதானே?"

"ஆம். நான் கொண்டுவந்ததுதான்."

"கமிட்டி மாத்தட்டும். அப்புறம் எழுதலாம்."

அவர் சொன்னது ஒழுங்கின்படி சரி. நான் பேனாவை மூடினேன். என் வாழ்நாளில் ஒழுங்கைக் காத்ததற்காக நான் தலைகுனிந்தது அன்று ஒருநாள்தான். பாக்கியலீலா பீட விரிப்பை மேசையின் மேல் வைத்தாள். "ஓரத்துல நூல் விட்டிருந்துச்சு, தச்சிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஈஸ்டர். சபையார் வரிசை வரிசையாக எழுந்து பீடத்தண்டை போனார்கள். அவள் தைத்த விரிப்பின்மேல் அப்பமும் திராட்சரசமும் இருந்தன. அவள் தன் இடத்திலேயே முழங்காலில் நின்றாள். என் வரிசையின் முறை வந்தபோது, பதினெட்டு ஆண்டுகளாகப் பிறரைக் கேட்ட கேள்வியை நான் என்னையே கேட்டுக்கொண்டேன். ராபின்சனோடு எனக்குச் சமாதானமா? சமாதானம்தான். அவனை மன்னித்தேனா? இல்லை. மன்னிப்பதற்கு முன்பே, எதைக்கொண்டு மன்னிக்க வேண்டுமோ அதை நாற்பது நிமிடத்தில் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்த ஒரே காணிக்கை அதுதான். நான் எழுந்து போகவில்லை. ஜெபம் சொல்லும்போது அந்த வரியில் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 11ஆம் நாள் நான் இசைவு அலுவலகத்துக்குப் போய், தணித்ததை மீண்டும் மூட்ட வழி உண்டா என்று கேட்டேன். அதே அலுவலர்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். இரண்டு அறைகளுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து, வழியில்லை என்றார். வருத்தமா என்று என்னைக் கேட்டார். எனக்கு அது தெரியவில்லை என்று உள்ளபடி சொன்னேன்.

ஏப்ரல் 16, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சேகரக் கமிட்டி கூடியது. பதினோரு பேர் வந்திருந்தனர். முடிவானவை வருமாறு. 2060 ஜூன் தீர்மானத்தை நீக்கும்படி நான் கொண்டுவந்த தீர்மானம் ஒன்பதுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றது. என்னோடு கை தூக்கியவள் கமிட்டி உறுப்பினருள் ஒருத்தியான வயலட். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பாக்கியலீலாவின் பெயர், அளவீடு பத்துக்குக் கீழே வரும்வரை, திருவிருந்துப் பதிவேட்டில் எழுதப்படாது. பீட விரிப்பை வெளுக்கும் பணியில் அவள் தொடரலாம். கெர்சோனின் தண்டனை 2070 வரை நீடிக்கும். அது கமிட்டியின் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று என்பது குறிக்கப்பட்டது. செயலர் பொறுப்பிலிருந்து நான் விலகியது ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிவேட்டை ஒப்படைக்கும் முன், திருவிருந்துக்கு உரியோர் பட்டியலில் நாற்பத்தோராம் எண்ணில் இருந்த சுகிர்தம் என்ற என் பெயரை நேர்கோடிட்டு அடித்தேன். காரணம் எழுத வேண்டிய இடத்தில், மன்னிக்கவில்லை என்று எழுதினேன்.